நீலப் பெருக்கல் குறி

என் அத்தையை அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "செக்கிங்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடச் சீருடைச் சட்டைகள் வரிசையாகத் தைக்கப்பட்டுக் கடைசியில் அவள் மேசைக்கு வரும். ஒரு சட்டைக்கு அரை நிமிடம். காலர், தோள், அக்குள், பட்டன் காஜா, அடிமடிப்பு. தையல் விட்டுப்போன இடத்தில் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். சட்டை திரும்பிப் போகும். தைத்தவர் அதைச் சரிசெய்து, குறியைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி அனுப்புவார். குறி இல்லாத சட்டை நல்ல சட்டை, மடித்து உறையில் போட்டுவிடலாம். இருபத்திரண்டு வருடமாக அத்தைக்கு இதுதான் வேலை.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. யாராவது எதிரில் வந்தால் முதலில் அவருடைய பட்டன் என்ன நூலில் தைத்திருக்கிறது என்று பார்ப்பாள். அப்புறம்தான் முகம். பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். போன் அடித்தால் "யாருங்க?" என்று கேட்க மாட்டாள். "எதுக்குங்க?" என்று கேட்பாள். அவள் கணவர், அதாவது என் மாமா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். "உங்க அத்தை என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னால கூட உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னா" என்று சொல்லிச் சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள். "பார்த்தும் ஏமாந்தேன்" என்பாள்.

நாங்கள் எதிர்வீடு. ஒரே மாடியில் அவர்கள் கதவும் எங்கள் கதவும் எதிரெதிரே. அதனால் இதில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அத்தை ஒரு விதமாகவும் மாமா ஒரு விதமாகவும் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நான் அத்தையை நம்பியிருக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு மைக்ரோவேவ் ஓவன் நின்றுபோனது. கடைக்காரர் தட்டிக்கூடப் பார்க்காமல், "உள்ள போர்டு போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார். அவர் சொன்ன வேகம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பத் தூக்கிவந்து திருகாணிகளைக் கழற்றினாள். கதவுக்குள் இருந்த ஒரு சின்ன சுவிட்ச் கருகியிருந்தது. அதை மட்டும் மாற்றினாள். ஓவன் ஓடியது. அந்தக் கடைக்காரர் மீது வந்த கோபம்தான் அவளுடைய பொழுதுபோக்கு ஆனது என்று அப்பா சொல்வார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. அதில் ஒரு மேசை போட்டு, மாடியில் இருப்பவர்களின் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ஓவன் எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். ஓவன் வந்தால்தான் அவள் முகத்தில் ஒரு களை வரும்.

ஓவனைத் திறப்பது மிக்ஸியைத் திறப்பது மாதிரி இல்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அது உள்ளே இரண்டாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது. ஏற்றியதைப் பிடித்துவைக்க ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுக்கு ஒரு வெள்ளித் தகர டப்பா, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் உட்கார்ந்திருக்கும். அதை மெல்ல வடித்துவிட உள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது கெட்டுப்போனால் வடியாது. நாள் கணக்கில் அப்படியே இருக்கலாம். வெளியே பார்த்தால் வடிந்த டப்பாவும் வடியாத டப்பாவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதை அத்தை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ஓவனைத் திறந்தாள். வலது கை டப்பாவின் முனையில் பட்டது. இடது கை ஓவனின் தகர உடம்பைப் பிடித்திருந்தது. படீரென்று ஒரு சத்தம். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தான் சுவரோரம் உட்கார்ந்திருப்பதும் நாற்காலி கவிழ்ந்து கிடப்பதும்தான். இரண்டு கையிலும் அரிசி அளவுக்கு வெள்ளைப் புள்ளி வெந்திருந்தது. தோள் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. ஒரு கையில் ஏறி இன்னொரு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு, இது உங்களுக்கு நல்ல நேரம் என்று டாக்டர் சொன்னார். மாமா பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் வந்தால் ஓவனைத் தொடவே மாட்டேன் என்றாள் அத்தை. தெரியாமல் எதையாவது தொட்டு நான் மாட்டிக்கொள்வேன் என்று நீ பயப்பட வேண்டாம், அந்த அறைக்குள் காலே வைக்க மாட்டேன் என்றார் மாமா.

அதற்குப் பிறகு அத்தை வேலை செய்யும் முறை மாறியது. பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட நீளமான கம்பியில் ஒரு வயரும், வயர் முனையில் ஒரு கவ்வியும் வைத்துத் தானே ஒன்று செய்துகொண்டாள். அதற்கு வடிகம்பி என்று பேர் வைத்தாள். கவ்வியை ஓவன் உடம்பில் மாட்டிவிட்டுக் கம்பியால் டப்பாவின் இரண்டு முனையையும் தொட்டால் இருப்பது வடிந்துவிடும். வேலை செய்யும்போது போடும் மேலங்கியின் இடது பக்கம் முழங்கை வரை போகிற மாதிரி ஒரு ஆழமான பை தைத்தாள். இடது கை அதற்குள் இருக்க வேண்டும். ஒரு கைதான் வெளியே. அப்போது எது நடந்தாலும் நெஞ்சு வழியாகப் போகாது.

கூடவே குறி. வடிக்காத ஓவன் மேல் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். வடித்ததும் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிடுவாள். குறி இல்லாத ஓவனில் தைரியமாகக் கை வைக்கலாம். ஆலையில் செய்வதையே வீட்டிலும் செய்தாள். அவளுக்கு அது தவறாகவே தெரியவில்லை. எங்களுக்கும்தான்.

சந்தேகம் முதலில் மாமாவிடம்தான் தொடங்கியது. ஒரு மூன்று வாரமாக அத்தை இடது கையை வெளியே எடுப்பதே இல்லை என்று அவருக்குப் பட்டது. அடுப்படியில் நிற்கும்போதும் அதே மேலங்கி, கை அதன் பைக்குள். டிவி பார்க்கும்போதும் பைக்குள். வேலைக்குப் போகும்போது கைப்பையின் வாய்க்குள் விட்டுக்கொண்டு போகிறாள். ஒரு நாள் சோதிப்பதற்காகவே தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தை அவளிடம் நீட்டினார். அத்தை ஒரு கையால் வாங்கப் பார்த்து, பாதித் தண்ணீரை அவர் காலில் கொட்டினாள்.

"ரெண்டு கையால வாங்கினா என்ன?"

"ரெண்டு கையால குடுத்தா என்ன?" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், உங்க தங்கச்சி எதையோ மறைக்கறா. கையில மறுபடி சுட்டுக்கிட்டிருக்கா. சொன்னா ஓவனை விடணுமே, அதான் மூடி வச்சிருக்கா."

"நேரா கேட்டுற வேண்டியதுதானே?"

"கேட்டா? ‘எதுக்குக் கேக்கறீங்க’ன்னு கேப்பா. அங்கயே என் கதை முடிஞ்சுது."

மாமாவுக்குக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் நாலு மணி நேரம் டிப்போவில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவதாகத்தான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார். அந்த நேரத்தில் அத்தை ஆலையில் இருப்பாள். இந்த இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்தார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. மேல்மாடியில் இருக்கும் நீச்சல் டீச்சரின் ஓவன் மேசையில் இருந்தது. அத்தை ஒரு வயரை மாற்றி, மூடியைப் போட்டுத் திருகி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது, தண்ணீர் சூடாகவில்லை. பிளக்கைப் பிடுங்கித் திருகாணிகளைக் கழற்றினாள். மூடியை எடுத்து வடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் குழாய் உடைந்து கூடம் முழுக்கத் தண்ணீர். அப்பா போய் அவள் கதவைத் தட்டினார். அத்தை ஓவன் மூடியின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு ஓடிவந்தாள். குழாயை அடைத்து, தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அன்றைக்கு அந்த அறைக்குள் அவள் மறுபடி போகவில்லை.

புதன்கிழமை ஆலையிலிருந்து வந்து அறைக்குள் நுழைந்தாள். ஓவன்மேல் குறி இல்லை. ஒரு நிமிடம் யோசித்தாள். நேற்று வடித்தோமா? ஞாபகம் இல்லை. ஆனால் குறி இல்லையே, வடித்திருப்போம். ஒரு மனுஷரையும் முழுதாக நம்பாத அத்தை, தன் சாக்கட்டி சொன்னதை அப்படியே நம்பினாள். மூடியை எடுத்தாள். இடது கை பைக்குள் போனது. நீளத் திருப்புளியால் டப்பாவின் முனையில் இருந்த வயரை நெம்பினாள். திருப்புளியின் நுனி தகர உடம்பில் உரசியது.

எங்கள் வீட்டுக்கு அது கதவை ஓங்கி அறைந்த மாதிரி கேட்டது. அப்பா வெளியே வந்து, "என்ன சத்தம்?" என்றார்.

கதவை இரண்டு தடவை தட்டினார். அப்புறம், "ஒண்ணுமில்லண்ணே, டப்பா விழுந்துடுச்சு" என்றாள் உள்ளிருந்து.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நீலமாக ஒரு வெளிச்சம் அடித்ததில் கண்ணுக்குள் இன்னும் புள்ளி பறந்துகொண்டிருந்தது. திருப்புளியின் நுனியில் மிளகு அளவுக்கு உலோகம் உருகிப் பள்ளமாகியிருந்தது. உடம்பில் எதுவும் ஏறவில்லை. கைப்பிடி பிளாஸ்டிக், இன்னொரு கை பைக்குள். அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். இது அந்தச் சத்தம்தான். வாக்குப்படி இனி ஓவன் கிடையாது. ஆனால் யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் டப்பா விழுந்தது என்று சொல்லியாகிவிட்டது.

உடனே அவள் வடிகம்பியை எடுத்து அறையில் இருந்த மூன்று ஓவன்களையும் ஒன்று விடாமல் வடித்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. பிறகு மேசையைப் பார்த்தாள்.

மேசை மிகவும் சுத்தமாக இருந்தது.

ஆலையிலிருந்து தினமும் அத்தையின் தலைமுடியிலும் துணியிலும் பஞ்சுத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அறையில் எல்லாவற்றின் மேலும் அது மெல்லிசாகப் படிந்திருக்கும். இப்போது மேசையிலும் ஓவன்மேலும் ஒரு துகள்கூட இல்லை. ஜன்னல் விளிம்பில் மட்டும் இருந்தது. ஓவன் மூடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அழித்தால் நீலம் எப்போதும் ஒரு பக்கமாக இழுபட்டு மங்கலாக நிற்கும். இங்கே ஒரு சாயல்கூட இல்லை. ஈரத்துணி. அவள் ஒருபோதும் இந்த அறையில் ஈரத்துணி கொண்டு துடைத்ததில்லை.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். குறியை அழித்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் மாடி காவல் நிலையம் மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வீட்டு மாற்றுச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதனால் முதல் சந்தேகம் என் மேல்.

"கையைக் காட்டு" என்றாள் அத்தை, வாசலில் நின்றுகொண்டே.

"எதுக்கு அத்தை?"

"காட்டுன்னா காட்டு. பள்ளிக்கூடம் முடிச்சு வீட்டுலதானே இருக்க. வேலைக்குத்தான் போகல, பொழுது போகாம என் ரூமுக்குப் போனியா?"

என் நகக்கண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலம் இல்லை. ஆனாலும் விடவில்லை. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, யார் எடுத்தால் எப்படி ஆடும் என்றெல்லாம் கேட்டாள். அடுத்து நீச்சல் டீச்சர். அவர் படியில் பார்க்கும்போதெல்லாம் "என் ஓவன் எப்போ டிஸ்சார்ஜ் ஆகும்? வார்டுல வந்து பார்க்கலாமா?" என்று கேட்பவர். முன்னால் அது நகைச்சுவை. இப்போது அத்தைக்கு அது வாக்குமூலம். "வந்து பார்க்கலாமான்னு எதுக்குக் கேட்டீங்க?" என்று படியிலேயே மடக்கினாள். டீச்சர் பயந்து, "வேணும்னா நான் அடுப்புலயே சூடு பண்ணிக்கறேங்க" என்று மேலே ஏறிவிட்டார்.

மாமா மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. வாக்குக் கொடுத்தவர். அந்த நேரத்தில் டிப்போவில் இருப்பவர். அத்தை சொன்னாள், "பட்டியல்ல அவர் பேரை எழுதினேன். ஆனா கடைசியா எழுதினேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கட்டி சாக்கட்டியை முழுதாக நுணுக்கினாள். மூன்று ஓவன்மேலும் பட்டையாகப் பெருக்கல் குறி போட்டு, அதன் மேலேயே பொடியைத் தூவினாள். யார் துடைத்தாலும் கொஞ்சமாவது ஒட்டும். எல்லாம் வடித்த ஓவன்கள்தான். ஆள் மாட்ட வேண்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. கதவு நிலையில் முழங்கால் உயரத்துக்குக் கருப்பு நூல் ஒன்றை மெழுகு வைத்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது நூல் அறுந்து தரையில் கிடந்தது. குறிகளும் இல்லை.

அன்று சாயங்காலம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் குழாய் இன்னும் முழுதாகச் சரியாகாததால் நான் தண்ணீர் பிடிக்க அவர்கள் வீட்டில் நின்றிருந்தேன். அத்தை தட்டை வைத்தாள். தட்டை வைத்த கை அங்கேயே நின்றது.

"உங்க கையில என்ன நீலம்?"

"எங்க?"

"சட்டைக் கையில. வலது பக்கம், பட்டனுக்குக் கீழ."

மாமா பார்த்தார். "பசங்க பேனாவா இருக்கும். ஒருத்தன் தினமும் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டே வண்டியில ஏறுவான்."

"பேனா மை துணிக்குள்ள இறங்கிடும். இது மேலயே நிக்குது." விரலால் சுண்டினாள். பொடி தட்டில் உதிர்ந்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்தப் பொடியைத்தான் மூக்கால இழுக்கறேன். என்கிட்டயே பேனாங்கறீங்க."

மாமா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "போனேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"புதன்கிழமை?"

"போனேன். தொட்ட இடமெல்லாம் அந்தப் பஞ்சுல விரல் பதியுது. உன் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஈரத்துணியால எல்லாத்தையும் துடைச்சுட்டு வந்தேன். அந்த நீலக் குறிக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்கு எங்க தெரியும்?"

"எதுக்குப் போனீங்க?"

"முதல்ல நீ இடது கையைக் காட்டு."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதும் அவள் இடது கை பைக்குள்தான் இருந்தது.

"காட்டும்மா. மூணு வாரமா உள்ளயே வச்சிருக்க. சுட்டுக்கிட்டு மறைக்கற. கருகின துணி, மருந்து, ஏதாவது கிடைக்குமான்னுதான் தேடினேன்."

அத்தை கையை வெளியே எடுத்து நீட்டினாள். மாமா குழல்விளக்குக்கு நேராக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு. அத்தை சட்டையைப் பார்ப்பாளே, அதே மாதிரி. ஒன்றரை வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளைப் புள்ளியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"இல்லைன்னு வருத்தமா?"

"அப்புறம் எதுக்கு உள்ளயே வச்சிருக்க?"

"பழக்கறேன். ஓவன்கிட்ட போனா கை தானா பைக்குள்ள போகணும். யோசிச்சுப் போகக்கூடாது. அதுக்குத்தான் எல்லா நேரமும்."

"இதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் திருடன் மாதிரி என் வீட்டுக்குள்ளயே நுழையறேன்?"

"சொன்னா, அவ்வளவு ஆபத்தான்னு கேப்பீங்க."

"அவ்வளவு ஆபத்தா?"

அத்தை தட்டில் உதிர்ந்த பொடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் பின்சீட்டில் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தே பழகியவர் அவர். "ஆமா, புதன்கிழமைன்னு உனக்கு எப்படித் தெரியும்? மூணு நாள் போனேன். நீ புதன்கிழமையை மட்டும் கேட்ட."

அந்த இடத்தில் அத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பஞ்சைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். உண்மையும்தான். நான் கையில் பாத்திரத்தோடு நின்றேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை அறைக்குள் போய்த் திருப்புளியைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா நுனியில் இருந்த பள்ளத்தை விரலால் தடவினார்.

"மச்சான் ஏதோ சத்தம் கேட்டுதுன்னு சொன்னாரு. டப்பா விழுந்ததுன்னு சொன்னியாம்."

"டப்பா விழல."

பிறகு அத்தை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். குழாய் உடைந்தது, வடிக்காமல் வந்தது, குறி போட்டது, மறுநாள் குறி இல்லாததால் நம்பியது. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் துடைத்த துணிதான் அவளைச் சாகடித்திருக்கும் என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் திடீரென்று அத்தைக்கு வேறு ஒன்று தோன்றியது. "மூடியைத் தூக்கினீங்களா?"

"எதை?"

"அந்த ஓவன் மூடியை. திருகாணி இல்லாம சும்மா வச்சிருந்தேன்."

"ஒரு பக்கம் தூக்கினேன். உள்ள கரி ஏதாவது இருக்கான்னு பார்க்க."

"கையை உள்ள விட்டீங்களா?"

"கருப்பா தூசி மாதிரி இருந்துது. துணியால லேசா..."

"எங்க இருந்துது?"

"ஒரு வெள்ளி டப்பா இருக்குமே, அது பக்கத்துல."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தாள், இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்திருப்பாள். நான் குழாயை மூடினேன்.

"ஈரத்துணியோடயா?" என்றாள்.

"ஈரத்துணிதான்."

"இன்னொரு கை?"

மாமா யோசித்தார். மூடியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி இடது கையைக் காற்றில் வைத்துக் காட்டினார். தகர மூடி.

வாக்கை முதலில் மீறியது யார் என்ற பேச்சு வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. மாமாதான் ஆரம்பித்தார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது அத்தை மேல் இல்லை.

"குறி இல்லாட்டி நல்லதுங்கறது எந்த ஊர் நியாயம்?"

"எங்க ஆலையில அப்படித்தான்."

"எங்க டிப்போல காலையில வண்டி எடுக்கும்போது ஒரு தாள் குடுப்பாங்க. பன்னிரண்டு கட்டம். பிரேக், டயர், கதவு, கண்ணாடி. பார்த்துப் பார்த்து டிக் போடணும். டிக் இருந்தாத்தான் வண்டி நகரும். ஒண்ணுமே எழுதாத தாள்னா, யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. உன் சட்டையில குறி அழிஞ்சா ஒரு பையனுக்குப் பட்டன் அறுந்து போகும், அவ்வளவுதானே? இதுல?"

இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் வேலையில் ஆயிரக்கணக்கான தப்பைப் பிடித்தவள், தான் ஏற்படுத்திய முறையிலேயே இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை. துடைத்தால் போய்விடும், வியர்வை பட்டால் போய்விடும், மூடியைச் சாய்த்து வைத்தால் போய்விடும். போனதும் நல்லது என்று ஆகிவிடும்.

"வாக்கு வாக்குதான்" என்றாள் கடைசியில். "நாளைக்கே எல்லா ஓவனையும் திருப்பிக் குடுத்துடறேன்."

மாமா திருப்புளியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நானும்தான் மீறினேன். தாள் போடாம வண்டி எடுத்தா எங்க டிப்போல ஒரு மாசம் வண்டியைத் தொட விட மாட்டாங்க. வேலையை விட்டுத் துரத்த மாட்டாங்க. உனக்கும் ஒரு மாசம். எனக்கும் ஒரு மாசம். நீ ஓவனைத் தொடக்கூடாது, நான் கதவைத் தாண்டக்கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் தாள்."

அந்த ஒரு மாதம் நீச்சல் டீச்சருக்குத்தான் கஷ்டம். படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். அத்தை அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா வந்து பார்க்கலாமான்னு ஏன் கேட்டீங்க?" என்று இன்னொரு தடவையும் கேட்டாள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் அங்கே போயிருந்தோம். அறைக்கதவு மூடியிருந்தது. திறப்பதற்கு முன்னால் அத்தை குனிந்து முழங்கால் உயரத்தில் எதையோ பார்த்தாள். கருப்பு நூல் அறுபடாமல் இருந்தது.

"இன்னும் எடுக்கலையா அதை?" என்றார் மாமா.

"எதுக்கு எடுக்கணும்?"

மாமா கையை உயர்த்திக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில், மேலே, விரலை விட்டுத் துழாவினார். ஒரு தீக்குச்சியை வெளியே எடுத்து அத்தையிடம் காட்டினார். முறியவில்லை, விழவும் இல்லை.

"இதை எப்போ வச்சீங்க?"

"அன்னிக்கே."

"நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

"உன் நூல் மட்டும் என்ன, தோரணமா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கதவில் மாமா தன் கையாலேயே கோடு போட்ட ஒரு தாள் தொங்கியது. ஐந்து கட்டம். பிளக் கண்ணுக்குத் தெரிகிறதா. இடது கை பைக்குள்ளா. கவ்வி மாட்டியாச்சா. இரண்டு முனையும் தொட்டாச்சா. மீட்டரில் பூஜ்யமா. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். மாமா கதவுக்கு வெளியே நின்று படிக்க வேண்டும், அத்தை உள்ளே செய்து காட்ட வேண்டும். தாள் நிரம்பாத ஓவன் எதுவானாலும் அதில் மின்சாரம் இருப்பதாகத்தான் அர்த்தம்.

அத்தை ஓவனின் பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். கையைப் பைக்குள் விட்டாள். கவ்வியை மாட்டிவிட்டு வடிகம்பியால் இரண்டு முனையையும் தொட்டாள்.

"சத்தமே வரலையே" என்றார் மாமா.

"போன மாசமே வடிச்சதுங்க. எங்கிருந்து வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ தொட்டியா, தொடற மாதிரி காட்டினியா? இன்னொரு தடவை."

தொட்டாள்.

"இன்னொரு தடவை."

"மூணாவதுங்க இது."

"ஒரு சட்டையை நீ எத்தனை தடவை திருப்புவ?"

அத்தை மூன்றாவது தடவையும் தொட்டாள். மீட்டரை வைத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்துவிட்டு, கதவோடு தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிக் போட்டார். கையெழுத்தும் போட்டார். தாளைக் கழற்றி வாசற்படியைத் தாண்டாமல் கையை மட்டும் உள்ளே நீட்டிக் கொடுத்தார்.

அத்தை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"மூணாவது கட்டத்தை விட்டுட்டீங்க" என்றாள்.

"எங்க? கவ்விதான் மாட்டினியே, பார்த்தேனே."

"பார்த்தீங்க. போடல."

சாக்கட்டியை எடுத்து அந்தக் காலிக் கட்டத்தின் மேல் ஒரு நீலப் பெருக்கல் குறி போட்டுத் தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள். மாமா பேனாவைத் தேடினார். அதுவரை அத்தை வலது கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓவனைத் தொடாமல் நின்றிருந்தாள்.